இறுங்குச் சாறும் கறுவா எண்ணெயும்: களைக்கு எதை, எப்போது அடிப்பது?

தாவரச் சாற்றால் களையைக் கட்டுப்படுத்த முடியுமா என்று கேட்பவரிடம் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்க வேண்டும். எந்தச் சாறு? எந்தக் களை? அந்தக் களை இப்போது எத்தனை இலை விட்டிருக்கிறது? மூன்றாவதற்குப் பதில் தெரியாவிட்டால் முதலாவதைத் தேடிப் பயனில்லை. கொழும்பு வீட்டுத்தோட்டங்களில் இந்த முயற்சி தோற்கும்போது பழி சாற்றின் மேல் விழுகிறது. பெரும்பாலும் தவறு வேறிடத்தில் இருக்கும்: ஒரு வேலைக்கான சாற்றை இன்னொரு வேலைக்கு அடித்திருப்பார்கள்.

'தாவரச் சாறு' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருட்கள் புழங்குகின்றன. ஒன்று, இலை தண்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. இறுங்கு (தமிழ்நாட்டில் சோளம்), சூரியகாந்தி, வேம்பு, யூக்கலிப்டஸ் எல்லாம் இந்த வகை. இவற்றில் உள்ள பீனோலிக் அமிலங்களும் அவற்றைச் சேர்ந்தவையும் விதை முளைப்பதைத் தடுக்கும், முளைத்த வேரைக் கட்டையாக்கும். வளர்ந்த இலையில் பட்டால் அநேகமாக ஒன்றும் நடக்காது. மற்றது, கறுவா இலை எண்ணெய், கராம்பு எண்ணெய், வினாகிரி போன்றவை. இவை பட்ட இடத்தை எரிக்கும். கலத்தின் சவ்வு கிழிந்து இலை சில மணித்தியாலத்தில் வாடும். ஆனால் மண்ணுக்குள் கிடக்கும் விதைக்கும் வேருக்கும் இவற்றால் ஆவது மிகக் குறைவு. முழங்கால் உயரப் புல்லுக்கு வேப்பிலைச் சாறு அடித்துவிட்டு 'ஒன்றும் சாகவில்லை' என்பவரும், வெறும் மண்ணில் கறுவா எண்ணெய் தெளித்துவிட்டு 'திரும்ப முளைத்துவிட்டது' என்பவரும் ஒரே பிழையை இரண்டு பக்கத்திலிருந்து செய்கிறார்கள்.

இந்த நாட்டில் இந்தப் பேச்சு சூடு பிடித்ததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். 2015இல் கிளைபோசேற் களைநாசினிக்குத் தடை, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்வு, 2021இல் இரசாயனப் பசளைக்கும் விவசாய இரசாயனத்துக்கும் இறக்குமதித் தடை, அதே ஆண்டு முடிவதற்குள் பின்வாங்கல். அந்த இடைவெளியில் கைக்குக் கை மாறிய செய்முறைகள் பல இன்றும் சுற்றுகின்றன. அவற்றில் பாதியில் உப்பு இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஒரு செடி இன்னொரு செடியை இரசாயனத்தால் அடக்குவதற்கு அலெலோபதி என்று பெயர் வைத்தவர் ஒஸ்திரிய தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ், 1937இல். இது நாட்டு வைத்தியக் கதை அல்ல. கலிபோர்னியாவில் பொட்டில்பிரஷ் மரத்தின் கீழ் களை குறைவாக இருந்ததை 1977இல் ஒருவர் கவனித்தார். அந்த மரத்திலிருந்து பிரித்த லெப்டோஸ்பெர்மோன் என்ற பொருளைப் பின்பற்றித்தான் சோளப் (மக்காச்சோளம்) பயிருக்கு அடிக்கும் மெசோட்ரியோன் களைநாசினி பிறந்தது. ஆனால் அந்த மரத்தின் இலையை ஊறவைத்து அடித்தால் மெசோட்ரியோன் கிடைத்துவிடாது. மூலப்பொருள் வீரியம் குறைந்தது, ஒரு ஹெக்டெயருக்குக் கிலோக் கணக்கில் தேவைப்பட்டது. அதனால்தான் ஆய்வுகூடத்தில் அதை மாற்றியமைத்தார்கள். வாளிக்குள் ஊறும் சாற்றிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு இது நல்ல அளவுகோல்.

இறுங்குச் சாறு

தண்ணீர்ச் சாறுகளில் வயலில் அதிகம் சோதிக்கப்பட்டது இறுங்குதான். பாகிஸ்தானின் பைசலாபாத் விவசாயப் பல்கலைக்கழகத்தில் இதற்கு 'சோர்காப்' என்று பெயர். கோதுமையில் களையின் எடையை மூன்றிலொரு பங்கிலிருந்து பாதி வரை குறைத்ததாக அங்கிருந்து முடிவுகள் வந்தன. பாதி என்பது நல்ல கணக்குத்தான். ஆனால் மிச்சப் பாதியைக் கையால்தான் பிடுங்க வேண்டும் என்பதையும் அது சொல்கிறது.

முதலில் பெயர்க் குழப்பம். தமிழ்நாட்டுக் காணொளிகளில் 'சோளத்தட்டை' என்று சொல்வது நம்முடைய இறுங்கை. நாம் சோளம் என்றால் கதிர் சோளம், அவர்களுடைய மக்காச்சோளம். அவர்கள் சொன்னதைக் கேட்டு இங்கே சோளத்தட்டையை ஊறவைத்தால் வேறொரு செடியின் சாறுதான் கிடைக்கும். கொழும்பில் இறுங்குத் தட்டை விற்பனைக்குக் கிடைப்பதில்லை. புறக்கோட்டைத் தானியக் கடையில் தானியம் வாங்கி வேலி ஓரம் விதைத்தால் மூன்றரை மாதத்தில் முற்றும். எத்தனை செடி வேண்டும் என்பது கீழே வரும் கணக்கில் தெரியும். பயப்படத் தேவையில்லை, விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தானியம் முற்றியதும் நிலத்துக்கு மேலே வெட்டுங்கள். வேர் வேண்டாம். இறுங்கு வேரிலிருந்து கசியும் சோர்கோலியோன் நல்ல வீரியமான பொருள், ஆனால் எண்ணெய்த் தன்மையானது, தண்ணீரில் இறங்காது. வேரை ஊறவைத்தால் மண்தான் சாற்றில் சேரும். வெட்டியதைக் கூரைக்குக் கீழே, காற்றோட்டத்தில், வளைத்தால் முறியும்வரை காயவிடுங்கள். முற்றத்தில் போட்டு ஒரு மழை நனைத்தால் சாற்றின் பாதி அங்கேயே ஓடிவிடும், மிச்சத்தில் பூஞ்சணம் ஏறும். காய்ந்ததை 2 சென்ரிமீற்றர் துண்டாக நறுக்கி, ஒரு கிலோவுக்கு 10 லீற்றர் குழாய்த் தண்ணீர் என்ற கணக்கில் மூடிய வாளியில் 24 மணித்தியாலம் ஊறவையுங்கள். தட்டையே தண்ணீரைக் குடிக்கும். அழுத்திப் பிழிந்தால் 7 முதல் 8 லீற்றர் வரை தேறும். முதலில் வலைத் துணி, பிறகு பழைய பருத்திச் சாரத்தை இரண்டாக மடித்து வடியுங்கள். துணி வடிகட்டலைச் சோம்பலில் விட்டால் ஸ்ப்ரேயர் முனை ஐந்தாவது நிமிடத்தில் அடைக்கும்.

24 மணித்தியாலத்தை 72 ஆக்கினால் வீரியம் கூடும் என்று நினைக்க வேண்டாம். கொழும்பின் 30 பாகை வெப்பத்தில் இரண்டாம் நாளே புளிக்கத் தொடங்கும். புளிக்கவைக்கும் பற்றீரியா நமக்கு வேண்டிய பீனோலிக் அமிலங்களையும் சிதைக்கும். புளிப்பு மணம் வந்த சாற்றைக் கொம்போஸ்ட் குவியலில் ஊற்றுங்கள். வடித்த சாற்றை அன்றைக்கே அடிப்பது நல்லது. முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு கிழமை வைக்கலாம், பெயர் எழுதி ஒட்டி.

இனி 'காய்ச்சிக் கெட்டியாக்க வேண்டும்' என்ற விடயம். சோர்காப் செய்முறையில் சாற்றை இருபதில் ஒரு பங்காக வற்றவைப்பார்கள். பிறகு அதில் 15 லீற்றரை ஒரு ஹெக்டெயருக்கு, ஏறத்தாழ 300 லீற்றர் தண்ணீரில் கலந்து அடிப்பார்கள். கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள். 15 லீற்றர் கெட்டிச் சாறு 300 லீற்றர் பச்சைச் சாற்றிலிருந்து வந்தது. அதைத் திரும்ப 300 லீற்றராக்கித்தான் அடிக்கிறோம். தண்ணீரை ஆவியாக்கிவிட்டு அதே அளவு தண்ணீரைத் திரும்ப ஊற்றுகிறோம்! பெரிய பண்ணையில் சேமிக்கவும், ஏற்றி இறக்கவும், வேறு மருந்தோடு கலக்கவும் கெட்டிச் சாறு வசதி. வளவில் அடிப்பவருக்கு அது வீண் செலவு. ஒரு ஏக்கருக்கு 120 லீற்றரை 6 லீற்றராக வற்றவைக்க வேண்டிய வெப்பத்தைக் கணக்கிட்டால், வீட்டு அடுப்பில் கிட்டத்தட்ட ஒரு 12.5 கிலோ காஸ் சிலிண்டர் முழுதாக முடியும். விறகு அடுப்பென்றால் 100 கிலோ அளவு விறகு. களை பிடுங்க ஆள் பிடிப்பது மலிவு.

ஆகவே பச்சைச் சாற்றையே அடியுங்கள். ஹெக்டெயருக்கு 300 லீற்றர் என்றால் சதுர மீற்றருக்கு 30 மில்லிலீற்றர். ஒரு பேர்ச் 25.3 சதுர மீற்றர். ஒரு பேர்ச்சுக்கு 760 மில்லிலீற்றர். பிழிவில் போகும் இழப்பையும் சேர்த்து 100 கிராம் காய்ந்த தட்டை தாராளம். நன்றாக வளர்ந்த இறுங்கில் இரண்டு மூன்று செடி.

காய்ச்சியே தீருவேன் என்பவருக்கு ஒரு எச்சரிக்கை. இறுங்கில் டுரின் என்ற பொருள் உண்டு. அது சிதைந்தால் ஹைட்ரஜன் சயனைட் வெளிவரும். இளம் பயிரிலும் வெட்டியபின் வரும் துளிரிலும் அதிகம், முற்றிக் காய்ந்த தட்டையில் குறைவு. குறைவு என்றாலும் மூடிய குசினியில், தொடர்மாடி வீட்டில் காய்ச்ச வேண்டாம். திறந்த வெளி, காற்றுக்கு முதுகு காட்டி. இளம் இறுங்கை வெட்டி ஆட்டுக்கோ மாட்டுக்கோ போடவும் கூடாது.

அடிப்பதற்கு முன் ஒரு தட்டில்

இலை, காலநிலை, மண் எல்லாவற்றையும் பொறுத்து வீரியம் மாறும். அதனால் ஒவ்வொரு வாளியையும் சோதியுங்கள். தட்டையான மூடிகள் ஐந்து எடுத்து, ஒவ்வொன்றிலும் குசினித் தாள் இரண்டு மடிப்பு. ஒன்றுக்குத் தண்ணீர், மற்றவைக்கு முழுச் சாறு, பாதி, கால், பத்தில் ஒன்று. எல்லாவற்றுக்கும் 5 மில்லிலீற்றர். ஒவ்வொன்றிலும் 25 குரக்கன் விதை. மூடி, நிழலில் ஐந்து நாள். வேர் 2 மில்லிமீற்றருக்கு மேல் வந்ததை முளைத்ததாக எண்ணுங்கள், வேரின் நீளத்தை அடிமட்டத்தால் அளந்து சராசரி எடுங்கள். முளைத்த எண்ணிக்கையை விட வேர் நீளம்தான் உண்மையைச் சொல்லும். முதலில் அடிபடுவது வேர்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஊறிய சாற்றில் பொட்டாசியம் முதலான உப்புகள் நிறைய. விதை முளைக்காமல் போனதற்கு அந்த உப்பே காரணமாக இருக்கலாம். ஈசி மீற்றர் (கரைசலின் மின்கடத்துதிறனை வைத்து உப்பளவைக் காட்டும் கருவி) இருந்தால் முழுச் சாற்றின் அளவைப் பாருங்கள். அதே அளவு காட்டும்வரை தண்ணீரில் கறி உப்புக் கரைத்து ஆறாவது தட்டு வையுங்கள். அதிலும் குரக்கன் முளைக்காவிட்டால் உங்கள் சாறு வெறும் உப்புத் தண்ணீர். மண்ணில் போட்டதும் அந்த விளைவு கரைந்துவிடும்.

பத்தில் ஒன்று தட்டில் வேர் தண்ணீர்த் தட்டை விட நீளமாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். குறைந்த செறிவில் பல தாவரச் சாறுகள் வளர்ச்சியைத் தூண்டும். முருங்கை இலைச் சாற்றை 30 மடங்கு ஐதாக்கிப் பயிர் ஊக்கியாகவே அடிக்கிறார்கள். 'கொஞ்சம் தண்ணீர் சேர்த்து நீட்டலாம்' என்று நினைப்பவர் களைக்குப் பசளை போடுகிறார்.

தட்டில் வென்றது மண்ணிலும் வெல்லும் என்று உறுதியில்லை. களிமண்ணும் உக்கிய இலையும் பீனோலிக் பொருட்களைப் பிடித்துக்கொள்ளும். சூடான ஈர மண்ணில் நுண்ணுயிர்கள் அவற்றைச் சில நாளில் தின்று முடிக்கும். கொழும்பு மண் ஆண்டின் பெரும்பகுதி சூடாகவும் ஈரமாகவும் இருக்கிறது. ஒரு முறை அடித்ததன் பலன் ஒரு கிழமை, மிஞ்சினால் பத்து நாள் என்று எண்ணித் திட்டமிடுங்கள். கொம்போஸ்ட் நிறையப் போட்ட பாத்தியில் அதை விடக் குறையும். செழிப்பான மண்ணில் சாறு தோற்பது சாற்றின் குற்றமல்ல.

காலம்

குறுகிய ஆயுளுள்ள மருந்துக்குக் காலம்தான் எல்லாம். பாத்தியைக் கொத்திச் சமன் செய்து, விதைப்பதுபோலவே தண்ணீர் விட்டு, எதையும் விதைக்காமல் 7 முதல் 10 நாள் விடுங்கள். மேல் மண்ணில் கிடந்த சாரணை, பருப்புக்கீரை, குப்பைமேனி, சிறு புல் எல்லாம் பச்சைப் பொடி தூவியதுபோல் முளைத்து நிற்கும். இரண்டு இலைப் பருவத்தில் அவற்றை முடித்துவிடுங்கள்: வெயிலுள்ள காலையில் மண்வெட்டியின் விளிம்பால் மேலே சுரண்டலாம், அல்லது கீழே சொல்லும் எண்ணெயை அடிக்கலாம். அதன் பிறகு மண்ணைக் கிளறவே கூடாது. கிளறினால் அடியில் தூங்கும் அடுத்த தொகுதி விதை மேலே வரும். அன்று மாலையே இறுங்குச் சாற்றைச் சதுர மீற்றருக்கு 30 மில்லிலீற்றர் கணக்கில் ஈர மண்ணில் சீராகத் தெளியுங்கள், பூவாளியால் மெல்ல ஒரு நனைப்பு நனையுங்கள். சாறு மேல் ஒரு சென்ரிமீற்றர் மண்ணில் நிற்க வேண்டும், களை விதை முளைப்பது அங்கேதான். ஏழாம் நாள் இன்னொரு முறை.

இந்த ஒரு சென்ரிமீற்றர்க் கணக்கே பயிரையும் காப்பாற்றும். பயற்றை, வெண்டி, போஞ்சி போன்ற பெரிய விதைகளை 3 சென்ரிமீற்றர் ஆழத்தில் போட்டால் அவை சாற்றுக்குக் கீழே இருக்கும், சேமிப்பும் அதிகம், தப்பிவிடும். மூன்று நான்கு கிழமை வயதான தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றும் தாங்கும். கீரை, லெட்டூஸ், கரட் ஆகியவற்றை மேலாகத் தூவி விதைப்போம். அவற்றின் விதையும் களை விதையும் ஒரே அளவு, ஒரே ஆழம். சாறு இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்காது. அந்தப் பாத்திகளில் இந்த முறையே வேண்டாம்.

மழை வேறு. ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் பின்னேரம் இடியோடு வரும் ஒரே மழை அடித்த சாற்றை வேர் ஆழத்துக்குக் கழுவி இறக்கிவிடும். கொழும்பில் இந்த வேலைக்கு வசதியான காலம் ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. மற்ற மாதங்களில் காலையிலேயே வானத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

கறுவா இலை எண்ணெய்

எரிக்கும் வகையில் நம்மூரில் கிடைக்கும் சிறந்த பொருள் இதுதான். கறுவாப் பட்டை எண்ணெய் வேறு, இலை எண்ணெய் வேறு. பட்டை எண்ணெயில் சின்னமல்டிஹைட் அதிகம், விலையும் எட்டாது. தெற்கில் காலி, மாத்தறைப் பக்கம் இலையிலிருந்து வடிக்கும் எண்ணெயில் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு இயூஜினோல் இருக்கும். கராம்பு எண்ணெயிலுள்ள அதே பொருள். களையை எரிப்பது அதுதான். புறக்கோட்டை கபோஸ் லேன் மருந்துச் சரக்குக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். வாங்கும்போது ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் சில துளி விடுங்கள். இயூஜினோல் நிறைந்த எண்ணெய் தண்ணீரை விடக் கனம், அடிக்குப் போகும். மேலே மிதந்து படலம் கட்டினால் வேறேதோ கலந்திருக்கிறது.

ஒரு லீற்றர் மருந்துக்கு 50 மில்லிலீற்றர் எண்ணெய், அதாவது 5 சதவீதம். இளம் களைக்கு அதுவே போதும், நான்கு இலை தாண்டியதற்கு 80 வரை போகலாம். எண்ணெயும் தண்ணீரும் சேராது. முதலில் எண்ணெயோடு 10 மில்லிலீற்றர் பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரத்தைச் சேர்த்து நன்றாகக் கலக்குங்கள். பிறகு தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் குலுக்கினால் பால்போல் வெளுக்கும். இந்த வரிசையை மாற்றி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் திரியும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தண்ணீரில் சாதாரணக் கட்டிச் சவர்க்காரக் கரைசல் தயிர்போல் திரளும். கொழும்புக் குழாய்த் தண்ணீர் மென்மையானது, அந்தத் தொல்லை இல்லை.

இனி பலர் தவறவிடும் இடம். எண்ணெய் தண்ணீரை விடக் கனம் என்று சொன்னேன் அல்லவா? ஸ்ப்ரேயரை ஐந்து நிமிடம் கீழே வைத்தால் எண்ணெய் அடியில் படியும். உறிஞ்சும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. முதல் பாத்திக்கு ஏறக்குறைய தனி எண்ணெய் போகும், பயிரில் ஒரு துளி தெறித்தாலும் ஓட்டை விழும். கடைசிப் பாத்திக்கு வெறும் சவர்க்காரத் தண்ணீர் போகும். 'ஒரே மருந்து, இங்கே செத்தது, அங்கே சாகவில்லை' என்ற புதிருக்கு விடை இது. சிறு போத்தல் ஸ்ப்ரேயரில் அடிப்பதும், பத்துத் தடவை அடித்ததும் ஒரு முறை குலுக்குவதும்தான் வழி.

இந்த மருந்து செடிக்குள் ஓடாது. படாத இலை பிழைக்கும். இலையின் இரண்டு பக்கமும், நடுக்குருத்தும் நனையவேண்டும். சதுர மீற்றருக்கு 50 முதல் 70 மில்லிலீற்றர் பிடிக்கும். ஒரு பேர்ச்சுக்கு முழுதாக அடித்தால் 65 முதல் 90 மில்லிலீற்றர் எண்ணெய் போய்விடும், ஒரு ஏக்கருக்கு 10 லீற்றரைத் தாண்டும். அந்தச் செலவுக்கு ஏற்ற பயிர் இங்கே எதுவுமில்லை. பாதை ஓரம், கல் இடுக்கு, மேலே சொன்ன வெறும் பாத்தி ஆகிய இடங்களில் பொட்டுப் பொட்டாக அடிப்பதற்குத்தான் இது. காலை பத்து மணிக்கு மேல், இலை காய்ந்து, வெயில் ஏறும் நேரம் நல்லது. பின்னேரமே வாட்டம் தெரியும். அகன்ற இலைக் களை சுலபமாகப் போகும். புல் வகைக்கு வளரும் முனை மண் மட்டத்தில், இலைக் கவசத்துக்குள் இருப்பதால் மேலே கருகி ஒரு கிழமையில் திரும்பத் துளிர்க்கும்.

கையுறையும் கண்ணாடியும் வேண்டும். இயூஜினோல் தோலை எரிக்கும், ரெஜிபோமைக் கரைக்கும். பூனை வளர்க்கும் வீட்டில் காய்ந்து முடியும்வரை பூனையை வெளியே விட வேண்டாம். தொட்டி மீன் இருந்தால் இன்னும் கவனம். மீனை மயக்கவே இயூஜினோலைப் பயன்படுத்துகிறார்கள், அளவு மீறினால் அது எழும்பாது.

வினாகிரி, உப்பு, கடுகு

கடையில் விற்கும் தென்னை வினாகிரியில் அசற்றிக் அமிலம் 4, 5 சதவீதம். விதையிலை மட்டும் விட்ட களையைத்தான் அது எரிக்கும். சற்று வளர்ந்ததற்கு 10 முதல் 20 சதவீதம் தேவை, அந்தச் செறிவு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. செறிந்த அமிலத்தை வாங்கி வீட்டில் கலப்பது இந்தப் பதிவின் எல்லைக்குள் வராது. அதோடு அது தாவரச் சாறும் அல்ல, தொழிற்சாலை இரசாயனம்.

'ஒரு போத்தல் வினாகிரி, ஒரு கப் உப்பு, கொஞ்சம் சவர்க்காரம்' என்ற செய்முறை வேலை செய்யும். அதுதான் அதிலுள்ள பிரச்சினை. களை சாவது பெரும்பாலும் உப்பால், உப்பு மண்ணை விட்டு லேசில் போகாது. சீமெந்துத் தரை வெடிப்புக்கு விரும்பினால் அடியுங்கள், பயிர் வைக்கும் மண்ணில் வேண்டாம்.

கடுகு சுவாரசியமானது, ஆனால் நாற்றுமேடைக்கு மட்டும். அரைத்த கடுகு ஈரத்தில் மைரோசினேஸ் என்ற நொதியின் உதவியால் கண்ணைக் கரிக்கும் ஐசோதயோசயனேற் வாயுவை விடும், அது முளைக்கும் விதையைக் கொல்லும். சதுர மீற்றருக்கு 100 கிராம் பச்சைக் கடுகுத் தூளை மேல் 4 சென்ரிமீற்றர் மண்ணில் கலந்து, உடனே தண்ணீர் விட்டு, பொலித்தீனால் விளிம்பு அடைத்து ஒரு கிழமை மூடுங்கள். திறந்து இன்னொரு கிழமை காற்றாட விட்டு, ஓரத்தில் பத்து முள்ளங்கி விதை போட்டுப் பாருங்கள். அவை நன்றாக முளைத்தால்தான் நாற்று விதையைப் போடலாம். கடுகை வறுத்தாலோ கொதிக்கவைத்தாலோ நொதி செத்துவிடும், வாயுவும் வராது. இறுங்குச் சாற்றைக் காய்ச்சலாம் என்று படித்தவர் கடுகையும் காய்ச்சுவார். காய்ச்சியது கறிக்குத்தான் உதவும்.

எதற்கு உதவாது

கோரைக்கு எதுவும் உதவாது. எண்ணெய் அடித்தால் மேலே கருகும், கிழங்கு கீழே சிரித்துக்கொண்டிருக்கும், பத்து நாளில் மறுபடி ஈட்டிபோல் வரும். அறுகம்புல்லும் அப்படித்தான். இரண்டையும் கிழங்கோடும் வேர்த்தண்டோடும் தோண்டி எடுப்பதும், திரும்பத் திரும்ப வெட்டிச் சோர்வடைய வைப்பதும்தான் வழி.

பார்த்தீனியம் சாற்றிலும் முளைப்பைத் தடுக்கும் பொருள் உண்டு, பார்த்தெனின். அதைச் சொல்லி வடக்கிலிருந்து செடியைக் கொண்டுவருவது பைத்தியக்காரத்தனம். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும், தொடுபவருக்குத் தோல் ஒவ்வாமையும் வரும்.

கிளிரிசீடியா இலையைச் சாறாக்குவதை விட அப்படியே மூடாக்காகப் போடுவது மேல். அதிலும் ஒரு குறை: தழைச்சத்து அதிகம், சில கிழமைகளில் உக்கிக் களைக்கே உணவாகும். வைக்கோல் மெதுவாக உக்கும். நெல்லுக்கும் இந்தக் குணம் உண்டு. உமியிலிருந்து மோமிலக்டோன் என்ற பொருட்களை ஜப்பானியர் 1973இலேயே பிரித்தெடுத்தார்கள். கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 30 மில்லிலீற்றர் இறுங்குச் சாற்றில் சதுர மீற்றருக்குப் போய்ச் சேர்வது 3 கிராம் தட்டையின் சத்து. மூடாக்காகப் போட்டால் அதே இடத்துக்கு 500 கிராம் வைக்கோலோ தட்டையோ போகும், வெளிச்சத்தையும் மறைக்கும், ஒவ்வொரு மழையிலும் புதிதாகக் கொஞ்சம் சாறு இறங்கும். சாறு பிழிந்த சக்கையையும் எறிய வேண்டாம். நாற்று நட்ட பாத்தியில், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். என் கணிப்பில் வாளிச் சாற்றை விடக் களையை அதிகம் அடக்குவது அந்தச் சக்கைதான். இலை மஞ்சளித்தால் வைக்கோலும் தட்டையும் தழைச்சத்தை இழுக்கின்றன என்று பொருள். கொஞ்சம் கோழிஎரு போடுங்கள்.

நன்றாக வந்துவிட்டது, போத்தலில் அடைத்து விற்கலாம் என்று தோன்றினால் நில்லுங்கள். களைநாசினி என்ற பெயரில் விற்கும் எதுவும், இலையிலிருந்து எடுத்ததென்றாலும், 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும், பீடைகொல்லிப் பதிவாளரிடம் பதிவு வேண்டும். வாளிக்கு வாளி வீரியம் மாறும் சரக்கைப் பதிவுக்குக் கொண்டுபோவது எளிதல்ல.

ஸ்ப்ரேயரைக் கழுவுவது கடைசி வேலை. எண்ணெய் அடித்ததை வெறும் தண்ணீரால் அலசினால் வாஷரில் எண்ணெய் ஒட்டிக்கொண்டு இறப்பர் ஊதிவிடும், அடுத்த முறை அழுத்தம் நிற்காது. சவர்க்காரத் தண்ணீரை விட்டு இருபது தடவை பம்ப் பண்ணி, முனை வழியாக வெளியேற்றி, பிறகு சுத்தத் தண்ணீரால் இரண்டு முறை. கழுவிய தண்ணீரை ஓடையில் விடாதீர்கள். கொழும்பில் வீட்டு ஓடை அநேகமாக ஏதாவதொரு கால்வாயில் போய்ச் சேரும், அங்கே மீன் இருக்கிறது. எண்ணெய் அடித்த அதே பாதை ஓரத்திலேயே தெளித்துத் தீருங்கள்.